ஏஜ்-ஃப்ரெண்ட்லி: 'நேயம்' வேண்டாம், 'தோது' சரிவருமா?

> 'மூத்தோர் நேய நகரம்' என்றே வைத்துவிடலாமே. சூழல் நேயம், மனித நேயம் எல்லாம் பழகிய சொற்கள்தானே.

வணக்கம் ஐயா. முதியவர்கள் வாழ ஏற்றது என்ற பொருளில் வரும் 'ஏஜ்-ஃப்ரெண்ட்லி'க்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் குழுவில் நீங்கள் முன்வைத்தது 'நேயம்'.

பழகிய சொல்தான், மறுக்கவில்லை. ஆனால் இங்கே அது ஒட்டவில்லை. உலக சுகாதார நிறுவனம் 33 நகரங்களில் முதியவர்களிடமே கேட்டறிந்து 2007இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. நம் நாட்டில் புதுடெல்லியும் உதய்ப்பூரும் அதில் உண்டு. நடைபாதை, கட்டடம், போக்குவரத்து, வீடு, மருத்துவம், தகவல் முதலியவற்றை உள்ளடக்கி எட்டுத் துறைகளாக அதைப் பிரித்திருக்கிறார்கள். மூத்தோரை மதித்துச் சேர்த்துக்கொள்வது அந்த எட்டில் ஒன்று. நேயம் என்ற சொல் அந்த ஒன்றுக்குத்தான் பொருந்தும். மொத்தத்துக்கும் அதையே வைத்தால், ஓர் ஊர் மூத்தோருக்கு எவ்வளவு ஏற்றது என்று அளவிட உட்காரும்போது பகுதிக்கும் முழுமைக்கும் ஒரே பெயராகிவிடும். ஊரார் தங்கமானவர்களாக இருக்கலாம். நிறுத்தத்தில் உட்கார ஒரு பெஞ்சு இல்லையென்றால் அந்தத் தங்கத்தால் முழங்காலுக்கு என்ன பயன்?

என் அம்மாவுக்கு 74 வயது. சர்க்கரை, இரத்த அழுத்தம் இரண்டும் உண்டு. சென்னையில் பேருந்து ஏறும்போது முதலில் பையை மேல்படியில் வைப்பார், இரண்டு கையாலும் கம்பியைப் பிடிப்பார், வலது காலை வைத்து உடம்பை இழுத்துக்கொள்வார். படி உயரமான வண்டி வந்தால் ஏறவே மாட்டார். "இது எனக்குத் தோதுப்படாது, அடுத்ததுல போலாம்" என்பார். தாழ்தளப் பேருந்து வந்தால் யார் துணையும் இல்லாமல் ஏறி உட்கார்ந்துவிடுவார். முழங்கால் அதேதான், மாறியது படி மட்டும்.

கருத்தாக்கமே இதுதான். முதுமையும் நலமும் பற்றிய உலக சுகாதார நிறுவனத்தின் 2015 உலக அறிக்கையில் நலமூப்பு (ஹெல்த்தி ஏஜிங்) என்பதை நோயில்லாமல் இருப்பது என்று அவர்கள் வரையறுக்கவில்லை. தான் மதிக்கும் வாழ்வை வாழத் தேவையான செயல்திறனை வளர்த்துக்கொள்வதும் காப்பதும் என்கிறார்கள். அந்தச் செயல்திறன் ஆளின் உள்ளாற்றலிலும் (உடல், மன வலிமை) இடத்திலும் இரண்டும் பொருந்துவதிலும் இருக்கிறது. (இதனால்தான் 'நோயற்ற முதுமை' என்ற முன்மொழிவை நான் ஏற்கவில்லை. என் அம்மாவை அது வெளியே தள்ளிவிடும்.) ஆளும் இடமும் பொருந்துவதைச் சொல்ல அம்மா தேடாமல் எடுத்த சொல் தோது. ஆகவே என் முன்மொழிவு: முதுமைத்தோது.

> மூப்பிசைவு எப்படி?

அழகான சொல் அம்மையீர், புணர்ச்சியும் சரி. பெயரடையாக்கும்போதுதான் சிக்கல். 'மூப்பிசை நகர்' என்றால் சங்கீதம் என்று படிப்பார்கள். இசைவு என்பது ஒப்புதல் என்ற பொருளிலும் வழங்குகிறது. ஆய்வில் பங்கேற்கும் முதியவரிடம் வாங்குவதே இசைவுக் கடிதம்தான். ஒரே அறிக்கையில் இரண்டும் வந்தால் குழப்பம்.

தோது பேச்சுச் சொல் ஆயிற்றே என்று தயங்க வேண்டாம். கேள்வி கேட்கப்படுகிற முதியவர்களுக்கே புரியும் சொல்லாக இருக்கட்டும். வினாத்தாளை எடுத்துக்கொண்டு போகிறவர் "உங்க தெரு உங்களுக்குத் தோதா இருக்கா?" என்று கேட்டால் விளக்கவுரை தேவைப்படாது.

அப்புறம், 'கம்யூனிட்டி'. சமூகம் என்று எழுதினால் நம்மிடையே சாதி என்றும் பொருள்படும். நகரம் என்றால் கிராமம் விடுபடும். ஆங்கிலத்தில் நகரங்களும் சமூகங்களும் என்று இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. நமக்கு ஊர் என்ற ஒரு சொல் போதும். முதுமைத்தோது ஊர்.

அளவைக்கு வருகிறேன். அமெரிக்காவில் ஐம்பது வயது தாண்டியவர்களுக்கான ஏஏஆர்பி அமைப்பு, ஓர் இடம் வாழ எவ்வளவு ஏற்றது என்று காட்டும் சுட்டெண் ஒன்றை 2015 முதல் வெளியிடுகிறது. முகவரியைக் கொடுத்தால் அந்த இடத்துக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் வரும். மதிப்பெண் ஊருக்கு, ஆளுக்கு அல்ல. இது நம் சொல்லில் தெரிய வேண்டும் என்பதால் 'ஊர்த்தோதெண்' என்று வைக்கலாம் என நினைக்கிறேன். சுட்டெண் என்பதை அப்படியே வைத்து 'முதுமைத்தோதுச் சுட்டெண்' என்றும் சொல்லலாம். துல்லியம்தான், ஆனால் நீளம்.

இந்த இரண்டில் எது என்று குழு சொன்னால், எட்டுத் துறைகளுக்குமான சொற்பட்டியலை அதற்கேற்ப எழுதி அனுப்புகிறேன்.