ஆர்ட் சாங்: கலைப்பாடலா, பாவிசையா? (வெள்ளிக்குள் வேண்டும்)

குழுவினருக்கு வணக்கம். மாணவி ஒருவரின் கச்சேரிக்குத் தமிழில் நிகழ்ச்சிக் குறிப்பு எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பாட்டு, சாமுவேல் பார்பர் 1938இல் இசையமைத்த 'ஷூர் ஆன் திஸ் ஷைனிங் நைட்'. கவிதை ஜேம்ஸ் ஏஜியுடையது, 1934 தொகுப்பில் உள்ளது. மேற்கத்திய இசையில் இந்த வகைப் பாட்டுக்கு 'ஆர்ட் சாங்' என்று பெயர். அதற்குக் 'கலைப்பாடல்' என்று போட்டேன். கை கூசுகிறது. 'பக்கவாத்தியம்: பியானோ' சரிதானே?
– ம.

கூசட்டும். குறுந்தொகை 69இல் கலை என்றால் ஆண்குரங்கு. அது கிடக்கட்டும், மற்ற பாட்டெல்லாம் கலை இல்லையா? ஏற்கெனவே எழுதிய கவிதையை எடுத்து இசையமைப்பதுதான் இங்கே விஷயம். பா + இசை, பாவிசை.
– க.

க. ஐயா, பாவிசை என்று வாசித்துக் காட்டினேன். என் பையன் "யாரும்மா அந்தப் பாவி?" என்கிறான்.

ம., பக்கவாத்தியம் வேண்டவே வேண்டாம். நம் கச்சேரியில் வயலின்காரர் பாடகர் போகிற போக்கைப் பிடித்து அந்த நிமிடத்தில் வாசிக்கிறார். இங்கே ஒவ்வொரு சுரமும் பார்பர் எழுதி வைத்தது. நான் பியானோ சொல்லிக்கொடுப்பவள், இந்தப் பாட்டை வாசித்தும் இருக்கிறேன். அடியில் ஒரே சீராகச் சுரக்கொத்துகள் தட்டிக்கொண்டே இருக்கும். குரல் ஒரு வரியைப் பாடி நகர்ந்ததும், வலக்கை அதே மெட்டைச் சற்றுப் பின்னால் எடுத்துக்கொண்டு வரும். யாருக்கு யார் பக்கம்?
– ஜெ.

ஜெ. அம்மா சொல்வது நியாயம். ஆனால் 'குரல்' என்பது ஏழிசையில் முதல் சுரத்தின் பெயர். சிலம்பில் 'யாழும் குழலும் சீரும் மிடறும்': மிடறு என்றால் பாடும் தொண்டை. ஆகவே 'மிடறும் பியானோவும்'.
– க.

ஒரு மிடறு பியானோ, சர்க்கரை கம்மியாக!
– ஜெ.

தலைப்புக்கும் தமிழ் கேட்கிறார்கள். 'ஒளிரும் இரவில்' தட்டையாக இருக்கிறது. யாமம் என்று போடலாமா?
– ம.

யாமம் ஒத்துவராது. 'நள்ளென்றன்றே யாமம்' என்பது ஊர் உறங்க ஒருத்தி மட்டும் விழித்திருக்கும் இருட்டு. ஏஜியின் இரவு விண்மீன் வெளிச்சத்தில் கிடக்கிற கோடை இரவு. 'எல்' பாருங்கள். 'எல்லே இலக்கம்' என்கிறது தொல்காப்பியம்: எல் என்றால் ஒளி. அதே சங்கப் பாடல்களில் 'எல்லி' என்றால் இரவு! ஷைனிங்கும் நைட்டும் ஒரே வேரில் கிடக்கின்றன. எல், எல்லி, பகலுக்கு எல்லை, ஞாயிற்றுக்கு எல்லோன்... இதை வைத்து ஒரு தனிக்கட்டுரையே எழுதலாம்.
– க.

எழுதுங்கள் ஐயா, வெள்ளிக்கு அப்புறம். அரங்கில் 'எல்லி' என்று பார்த்தால் பாடகியின் பெயர் என்பார்கள்.
– ஜெ.

நேற்றிரவே அனுப்பிவிட்டேன். 'கவிதைப் பாடல்', 'குரலும் பியானோவும்', தலைப்பு 'ஒளிரும் இரவில்'. தனி மடலில் நான்கு பேர் சரி என்றார்கள். அதில் இரண்டு பேர் 'ஏதாவது போடுங்கள்' என்றுதான் சொன்னார்கள். எல்லோருக்கும் நன்றி.
– ம.

கவிதைப் பாடல், நடுசென்டர் மாதிரி. என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். ஜெ. அம்மா, பையனைச் சந்தி பிரித்துப் படிக்கச் சொல்லுங்கள்.
– க.