நசுக்கினால் நீலம் என்றால் பத்திரமா?

பூஞ்சைப்பிரியன்
போதைக் காளான் இழையில் வேங்கை_77 எழுதியதைப் பார்த்து எரிச்சல் தாங்காமல்தான் இதைத் தனியாகத் தொடங்குகிறேன். அவர் சொன்னது இதுதான்: "காம்பை நசுக்கிப் பார். நீலமானால் பயமே இல்லை. நீலம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு வீரியம்." அதற்குக் கீழே வரிசையாக நன்றி சொல்லியிருக்கிறார்கள்.

ரூப்ரோபோலீட்டஸ் சாத்தானஸ் என்று ஐரோப்பாவில் ஒரு காளான் உண்டு. அறுத்தால் சதை நீலமாகும். அதில் சைலோசைபின் என்ற போதைப்பொருள் துளியும் கிடையாது. தின்றவருக்கு மிஞ்சுவது வாந்தியும் பேதியும்தான். நீலம் பத்திரம் என்றால் இது எந்தக் கணக்கில் வரும்?

வேங்கை_77
சாத்தான் காளானுக்குக் குடையின் அடியில் செவுளே, அதாவது இதழ் இதழான மடிப்பே, கிடையாது, பஞ்சு மாதிரித் துளைகள்தான். சின்னப் பிள்ளைகூடப் பிரித்துச் சொல்லிவிடும். நான் பேசியது சைலோசைபே என்ற போதைக் காளான் பேரினத்தைப் பற்றி. கேள்வி ஒன்றுதான்: நீலம் வந்தால் போதை தரும் சைலோசின் இருக்கிறதா, இல்லையா? ஒரு வார்த்தையில் சொல்லுங்கள். பாம்பு இழையில் செய்த மாதிரி நாலு பக்கம் எழுதி ஆளைக் களைப்பாக்க வேண்டாம்.

பூஞ்சைப்பிரியன்
பாம்பு இழையை இழுக்காதீர்கள். அங்கே சாரையை நல்ல பாம்பு என்று சொன்னது யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

நீலம் எப்படி வருகிறது என்று ஜெர்மனியின் யேனாவில் ஹோஃப்மைஸ்டரின் ஆய்வுக் குழு 2019-இல் வெளியிட்டது. காளான் காயப்பட்டதும் ஒரு நொதி சைலோசைபினில் உள்ள பாஸ்பேட்டைக் கழற்றிச் சைலோசின் ஆக்குகிறது. இன்னொரு நொதி அந்தச் சைலோசினை ஆக்சிஜனேற்றம் செய்ய, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நீலமாகின்றன. ஆக, நீங்கள் கண்ணால் பார்க்கும் நீலம் ஏற்கெனவே அழிந்துபோன சரக்கு. அதை வைத்து மீதி எவ்வளவு என்று எப்படிச் சொல்வீர்கள்?

சைலோசைபே செமிலான்சியேட்டாவையே பாருங்கள். உலர் எடையில் ஏறக்குறைய 1 சதவீதம் சைலோசைபின், சைலோசின் மிகக் குறைவு. நசுக்கினால் நீலம் லேசாகத்தான் தெரியும், பல நேரம் தெரியவே தெரியாது. உங்கள் கணக்குப்படி அது வீரியம் இல்லாதது. நிஜத்தில் எல்லோரும் பேசுகிற சைலோசைபே கியூபென்சிஸைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

வேங்கை_77
அப்படியென்றால் நீலம் வந்தால் சைலோசின் இருந்தது என்று நீங்களே ஒப்புக்கொண்டாயிற்று. நன்றி.

பூஞ்சைப்பிரியன்
எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. இருந்தது என்பது வேறு, பத்திரம் என்பது வேறு.

வன்கூவர்_தம்பி
வேங்கை அண்ணை, இங்கே மழைக்காலம் தொடங்கினால் பூங்காக்களில் கொட்டியிருக்கிற மரச்சிராய்மேல் சைலோசைபே சயனெசென்ஸ் முளைக்கும். அதே சிராயில், அதே கிழமையில் கேலரினா மார்ஜினாட்டாவும் முளைக்கும். இரண்டுக்கும் பழுப்புக் குடை, மெல்லிய காம்பு. ஒன்றை நசுக்கி நீலம் பார்த்துவிட்டு மிச்சத்தை அப்படியே அள்ளிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். கேலரினாவில் இருப்பது அமடாக்சின் என்ற நஞ்சு. முதல் ஆறு மணித்தியாலம், சிலபேருக்கு அதற்கு மேலேயும், ஒன்றும் தெரியாது. பிறகு வயிற்றுப்போக்கு, பிறகு கொஞ்சம் சுகம் வந்த மாதிரி இருக்கும், அதற்குள்ளே ஈரல் போய்விடும். 1981-இல் வாஷிங்டன் மாநிலத்தில் விட்பி தீவில் மூன்று இளசுகள் இப்படித்தான் மாறி உண்டார்கள். 16 வயதுப் பிள்ளை ஒன்று செத்துப்போனது.

வேங்கை_77
கேலரினா நீலமாகாது தம்பி. நீங்கள் சொல்வது என் பேச்சுக்குத்தான் பலம். நசுக்கிப் பார்த்திருந்தால் அந்தப் பிள்ளை பிழைத்திருக்கும்.

வன்கூவர்_தம்பி
ஒவ்வொன்றாகவா நசுக்குவீர்கள்? குளிரில் நிறம் வரவே நேரம் எடுக்கும். பனிபட்ட பழைய காளானில் கருமை எது, நீலம் எது என்று டார்ச் வெளிச்சத்தில் சொல்ல ஏலுமா?

வேங்கை_77
எனக்கு ஏலும்.

மலைமகள்
நான் கொடைக்கானல்காரி. எங்கள் தெருவில் இதைப் பற்றிப் பேசவே கூச்சமாக இருக்கும், ஆனாலும் சொல்கிறேன். சனி, ஞாயிறு வந்து இறங்குகிற பையன்கள் வண்டியை நிறுத்தி முதலில் கேட்பதே இதைத்தான். ஒரு தடவை ஒரு பையன் கையில் இருந்த பிளாஸ்டிக் கவரைப் பார்த்தேன். உள்ளே எல்லாம் வியர்த்து, நசுங்கி, கருத்துக் கிடந்தது. மூன்று விதக் குடைகளாவது இருந்தன. ஒன்றின் செவுள் துருப்பிடித்த மாதிரிப் பழுப்பு, இன்னொன்றுக்கு வெள்ளை. காசு வாங்கினவனுக்கும் பேர் தெரியாது, வாங்கினவனுக்கும் தெரியாது. "நீலமா இருக்கு அக்கா, ஒண்ணும் ஆகாது" என்றான். இந்த நீலக் கதையை யார் கிளப்பிவிட்டார்களோ, அவர்கள்மேல்தான் எனக்குக் கோபம்.

வேங்கை_77
அக்கா, நான் கொடைக்கானல் பக்கமே வந்ததில்லை. அதை என் தலையில் கட்டாதீர்கள். செவுள் உள்ள காளான், வித்துத் தூள் கரு ஊதா, நசுக்கினால் நீலம், இந்த மூன்றும் சேர்ந்தால் சைலோசைபின் வகை என்று காளான் படித்தவர்களே எழுதியிருக்கிறார்கள்.

பூஞ்சைப்பிரியன்
அடடா! முதலில் நீலம் மட்டும் இருந்தது. இப்போது செவுளும் வித்துத் தூளும் சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்துகொண்டன. வித்துத் தூள் பார்க்கக் குடையை வெட்டித் தாளில் கவிழ்த்துப் பல மணி நேரம் காத்திருக்க வேண்டும். உங்கள் பழைய பதிவில் அந்தப் பேச்சே இல்லை. கேலரினாவின் வித்துத் தூள் துருப் பழுப்பு. வித்தியாசம் தெரிகிற இடமே அதுதான், அதை விட்டுவிட்டீர்கள்.

வீரியத்துக்கு வருவோம். சைலோசைபே அசுரெசென்ஸை 1995-இல் ஸ்டாமெட்ஸும் கார்ட்ஸும் புதிய இனமாக விவரித்தார்கள். அதில் சைலோசைபின் 1.78 சதவீதம் வரை பதிவாகியிருக்கிறது. கியூபென்சிஸுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் உச்சம் 0.6 சதவீதத்தை ஒட்டித்தான். ஏறக்குறைய மூன்று மடங்கு. ஒரே இனத்துக்குள்ளேயே நிலைமை மோசம். 1982-இல் பிக்வுட், பியூக் இருவரும் கியூபென்சிஸை அளந்தபோது வெளியிலிருந்து வந்த மாதிரிகளுக்குள் பத்து மடங்கு வித்தியாசம் இருந்தது. பத்து மடங்கு! இதைக் கண்ணால் பார்த்து, நீலத்தின் அடர்த்தியை வைத்துச் சொல்லிவிடுவாராம்.

வேங்கை_77
எண்களை அடுக்கினால் பெரிய ஆளா? சைலோசைபினின் நச்சுத்தன்மையே மிகக் குறைவு. மெக்சிகோவில் மசடெக் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சடங்கில் சாப்பிட்டு வந்தவர்கள். அவர்களிடம் ஆய்வுக்கூடமா இருந்தது?

பூஞ்சைப்பிரியன்
அவர்களிடம் சடங்கை நடத்திய மரியா சபினா மாதிரி ஆட்கள் இருந்தார்கள். எந்தக் காளான், யாருக்கு, எந்த இரவில் என்று தெரிந்தவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். உங்கள் பையன்களுக்கு யார் இருக்கிறார்கள்? மனநிலைக் கோளாறுக்கு லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவர் இதைத் தின்றால் வலிப்பு வந்ததாகப் பலர் பதிவு செய்திருக்கிறார்கள். மரச்சிராயில் வளரும் அசுரெசென்ஸ், சயனெசென்ஸ் தின்றவர்களில் சிலருக்குக் கைகால் தளர்ந்து நடக்க முடியாமல் போகிறது. ஏன் என்பது இன்னும் தெளிவாகவில்லை. இரண்டும் நன்றாக நீலமாகிறவைதான். நீலத்தை நம்பினவர் குளிரில் தனியாகக் கிடந்தால் யார் தூக்குவது?

சட்டம்_பேசுவோம்
எல்லோரும் ஒன்றை மறந்துவிட்டீர்கள். 1985-இன் போதைப்பொருள் சட்டப் பட்டியலில் சைலோசைபின் இருக்கிறது. அதே சமயம் 2025 ஜனவரியில் கேரள உயர்நீதிமன்றம் ஒரு ஜாமீன் உத்தரவில், காளான் இயற்கையாக முளைக்கும் பூஞ்சை, அதைக் கலவை என்று கருத முடியாது என்றது.

வேங்கை_77
பார்த்தீர்களா! நீதிமன்றமே சொல்லிவிட்டது.

சட்டம்_பேசுவோம்
நீதிமன்றம் நீலத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கலவையின் மொத்த எடையா, உள்ளே இருக்கும் சைலோசைபினின் எடையா என்பதுதான் அங்கே வழக்கு. ஜாமீன் உத்தரவை வைத்துக்கொண்டு மலைக்குப் போனால் மாட்டத்தான் செய்வீர்கள்.

நெல்லைச்சாரல்
அசாமில் 2022-இல் 13 பேர் காளான் தின்று இறந்தார்களே. இதெல்லாம் அரசாங்கம் தடுக்க வேண்டியது.

வேங்கை_77
அது தேயிலைத் தோட்டத்து ஏழைகள் குழம்புக்குப் பறித்த காளான். போதைக் காளானுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. சம்பந்தமில்லாததைக் கொண்டுவந்து பயமுறுத்துவதே இந்தக் குழுவின் வேலையாகிவிட்டது.

மலைமகள்
சம்பந்தம் இருக்கிறது. அவர்களும் தங்களுக்குத் தெரியும் என்று நம்பித்தான் பறித்தார்கள்.

வேங்கை_77
அக்கா, நீங்களாவது பதில் சொல்லுங்கள். செவுள் உள்ள காளான் நசுக்கினதும் நீலமாகி ஆள் செத்த ஒரே ஒரு சம்பவத்தைக் காட்டுங்கள். நான் பதிவை அழித்துவிடுகிறேன்.

பூஞ்சைப்பிரியன்
மறுபடியும் அதே இடம். செத்தவர்கள் நீலமாகாததைத் தின்றுதான் செத்தார்கள், நீலமானதோடு ஒரே கவரில் கிடந்ததை. அதைத்தான் தம்பியும் மலைமகளும் எழுதினார்கள். படிக்கவில்லையா?

வேங்கை_77
படித்தேன். கவர் வாங்கினவன் தப்பு, என் தப்பு இல்லை. நீலம் வந்தால் சைலோசின். அவ்வளவுதான்.

வன்கூவர்_தம்பி
அப்ப பதிவில் "பயமே இல்லை" என்ற வரியையாவது எடுங்கோ அண்ணை.

வேங்கை_77
எடுக்க மாட்டேன். முதலில் அவர் சாரைப்பாம்பு விஷயத்தைத் திரும்பப் பெறட்டும். அன்றைக்கு நான் போட்ட படம் மங்கலாக இருந்தது, அவ்வளவுதான்.

பூஞ்சைப்பிரியன்
படம் தெளிவாகத்தான் இருந்தது. செதில் எண்ணுகிற அளவுக்கு இருந்தது. லித்தியத்தைப் பற்றிச் சொன்னதற்கு இன்னும் பதில் வரவில்லை.