கழுத்தின் முதல் முள்ளெலும்பு: ‘பிளவு’ என்பதா, ‘இணையாமை’ என்பதா?

அன்புள்ள குழுவினருக்கு,

கதிரியல் மாணவர் கையேட்டின் கழுத்தெலும்பு இயல் இவ்வாரம் அச்சுக்குப் போகவேண்டும்; அட்லஸ் எனப்படும் வளைய வடிவ முதல் கழுத்து முள்ளெலும்பின் பின்வில்லில் (வளையத்தின் பின்பாதியில்) பிறவியிலேயே அமையும் இடைவெளிக்கு இன்னும் சொல் உறுதியாகவில்லை. வரைவில் உள்ள ‘பின்வில் பிளவு’ எனக்கு உடன்பாடில்லை. பிளந்தது என்றால் முன்பு முழுதாய் இருந்தது என்றே மனம் கொள்ளும். இங்கோ, மூன்று முதல் ஐந்து வயதுக்குள் நடுக்கோட்டில் சேரவேண்டிய இரு பாதிகள் சேரவே இல்லை. அடிபட்டு வந்தவரின் சி.டி. படத்தில் இதைக் கண்டு, 1920இல் அறுவை மருத்துவர் ஜெஃபர்சன் விவரித்த வளைய முறிவு என்று கொண்டுவிட்டால், வேண்டாத கழுத்துப் பட்டையும் சிகிச்சையும் அவர்மேல் விழும். விளிம்பு வழவழப்பாய்ப் புறணி (எலும்பின் கெட்டியான மேலடுக்கு) மூடியிருந்தால் பிறவிக் குறை, கூராகவும் ஒழுங்கற்றும் புறணியின்றியும் இருந்தால் புது முறிவு. ஐயம் நீங்காவிடில் எலும்பு மஜ்ஜையிலும் சுற்றியுள்ள தசையிலும் புது அடியைக் காட்டும் நீர்க்கோப்பு உண்டா என்று எம்.ஆர்.ஐ. படத்தில் தேடுகிறோம். இத்தனை நுட்பமாய்ப் பிரித்தறியச் சொல்லித்தரும் பாடத்தில் சொல்லே மாணவரைத் திசைதிருப்பலாகாது. கல்லாமை, கொல்லாமை போன்ற எதிர்மறைத் தொழிற்பெயராக ‘பின்வில் இணையாமை’ என்பதை முன்மொழிகிறேன்.

*

ஐயா, வணக்கம்.

உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும் கருவில் சேராமற்போனவையே. அவற்றை எவரும் காயமென்று எண்ணுவதில்லை. ‘பிள்’ என்னும் வேரிலிருந்தே ‘பிள்ளை’யும் கிளைத்தது என்பது என் நெடுநாள் கருத்து, அவ்வாறாயின் அவ்வேரில் உடைவு மட்டுமன்றிப் பிறப்பும் உண்டு. வேரை விட்டாலும், 1994இல் கதிரியல் மருத்துவர் குராரினோ குழுவினர் இக்குறைக்கு வகுத்த ஐந்து வகைகளை நோக்குங்கள். நான்காம் வகையில் வில் இன்றிப் பின்முனைப்பு (வில்லின் நடுவில் அமையும் சிறு எலும்பு மேடு) மட்டும் தனித்து நிற்கிறது. கழுத்தைப் பின்னே சாய்க்கையில் அது தண்டுவடத்தை அழுத்தவும் கூடும். ஐந்தாவதில் அதுவும் இல்லை. இல்லாத வில்லுக்கு ‘இணையாமை’ எப்படிப் பொருந்தும்?

*

அம்மையீர்,

கடைசி இரு வகைகள் பற்றிய தங்கள் தடை சரியானது. அவற்றுக்குப் ‘பின்வில் இன்மை’ என்று தனிச்சொல் வைப்பதே முறை. வேர் ஆராய்ச்சியை என்னால் ஏற்க இயலவில்லை. உதட்டுப் பிளவைக் கண்ணால் காண்கிறோம், அடிபட்டதோ என்ற கேள்வியே அங்கு எழாது. கழுத்தெலும்பிலோ நிழற்படத்தைப் பார்த்து முடிவுசெய்யும் அந்த ஒரு கேள்விதான் எல்லாம். மக்கள்தொகையில் ஏறத்தாழ நூற்றுக்கு நால்வரிடம் உள்ள நடுக்கோட்டு இடைவெளியைவிட, பக்கவாட்டில் அமையும் அரிய வகைகளே முறிவென்று பிழைபட அதிகம் இடந்தருபவை.

*

இருவருக்கும் வணக்கம். ‘பிறவி’ என்ற அடைமொழி உங்கள் இருவர் கவலையையும் பெருமளவு தீர்க்கும் என்று குழுவில் பலரும் கருதுவதால், முதல் மூன்று வகைகளுக்குப் ‘பிறவிப் பின்வில் பிளவு’ என்றும், எஞ்சியவற்றுக்குப் ‘பின்வில் இன்மை’ என்றும் அச்சுக்கு அனுப்புகிறேன்.

*

பெரும்பான்மைக்குத் தடை சொல்லவில்லை. ஆயினும் அவசரப் பிரிவு அறிக்கைகளில் அடைமொழிதான் முதலில் உதிரும். ‘இணையாமை’யைச் சொற்பட்டியலில் மாற்றுச்சொல்லாகவேனும் சேர்க்க வேண்டுகிறேன்.