புதுப்பிப்பு: மூச்சுக்குழல் நுண்மயிர்க் குறைபாடும் மரபணு அறிக்கையும்

மார்த்தாண்டம், தக்கலைப் பக்கத்துப் பெற்றோருக்காகப் போட்ட முந்தைய இழையில், எலக்ட்ரான் நுண்ணோக்கியில் நுண்மயிர் (மூச்சுக்குழலில் சளியைத் தள்ளும் மிகச் சிறு மயிர்) ஒழுங்காகத் தெரிந்தால், அது சரியாக இயங்காத இந்தப் பரம்பரை நோய் இல்லை என்று எழுதியிருந்தேன். அது தவறு. டிஎன்ஏஎச்5 (DNAH5) என்ற மரபணு பழுதானால் நுண்மயிரின் வெட்டுமுகத்தில் ஒன்பது ஜோடிக் குழல்களின் வெளிப்புறம் கொக்கிபோல் நிற்கும், மயிரை அசைக்கும் டைனின் புரதக் கைகள் இருக்காது, கண்டுபிடித்துவிடலாம். டிஎன்ஏஎச்11 (DNAH11) மரபணுப் பழுதில் படம் சரியாகவே இருக்கும், மயிர் மட்டும் வளையாமல் விறைப்பாகத் துடிக்கும், சளி நகராது.

இதயம் இடப்பக்கம்தானே இருக்கிறது என்றும் ஒதுக்காதீர்கள். ஏறத்தாழ பாதிப்பேருக்குத்தான் உறுப்புகள் இடம் மாறும். நிறைமாதக் குழந்தைக்குப் பிறந்த அன்றே மூச்சுத்திணறல், பிறகு வருடம் முழுக்கச் சளி இருமல் என்றால் கட்டாயம் சந்தேகப்படுங்கள்.

மரபணு அறிக்கையில் ஒரே மரபணுவில் இரண்டு பிறழ்வு (மாற்றம்) வந்தால் அப்பா, அம்மா ரத்தத்தையும் அனுப்புங்கள். இரண்டும் ஒருவரிடமிருந்தே வந்திருந்தால் அது நோயை உறுதிப்படுத்தாது; இருபக்கமிருந்தும் ஒவ்வொன்று வந்திருக்க வேண்டும். மாமன் மகள், அத்தை மகன் கல்யாணத்தில் ஒரே பிறழ்வு இருபக்கமும் வரும் வாய்ப்பு கூடுதல். பெற்றோர் இருவரும் சுமப்பவர்கள் (பிறழ்வு இருந்தும் நோய் இல்லாதவர்கள்) என்றால் ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு நோய் வர 25% வாய்ப்பு.

மரபணுச் சோதனைக்கு ஊதா மூடி குழாயில் 2-3 மில்லி ரத்தம் போதும், நாகர்கோவிலிலிருந்து வெளியூருக்குத் தாங்கும். மூக்கின் உட்புறத்தைச் சுரண்டி எடுக்கும் செல்கள் அப்படியல்ல: அவற்றின் மயிர்த் துடிப்பைச் சில மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டும். ஜலதோஷம் தீர்ந்து 4 வாரமாவது கழித்து எடுக்கச் சொல்லுங்கள். தொற்றே மயிரைத் தற்காலிகமாகக் கெடுக்கும்.