தாத்தாவின் பெட்டியில் ரோத்தி வடிவமைத்த வெள்ளிப் பதக்கங்கள்: எடைக்குப் போடலாமா?

முத்தியால்பேட்டை வாசகர், புதுச்சேரி:
வணக்கம். பிரெஞ்சு இராணுவத்தில் பணியாற்றி ஓய்வூதியம் பெற்ற என் தாத்தாவின் தகரப் பெட்டியில் சில வெள்ளிப் பதக்கங்கள் கிடைத்தன. இவை அவர் போருக்காகப் பெற்ற விருதுகள் அல்ல. அவரே விரும்பி வாங்கிச் சேர்த்தவை. எல்லாவற்றிலும் ஓ. ரோத்தி என்ற கையொப்பம் உள்ளது. ஒன்றில், அமர்ந்திருக்கும் மணமகளின் விரலில் மணமகன் மோதிரம் அணிவிக்கிறான். பக்க விளிம்பில் வெள்ளியைக் குறிக்கும் 'அர்ழான்' என்ற பிரெஞ்சுச் சொல்லும், பழங்கள் வழியும் ஒரு சிறு கொம்பும் பொறிக்கப்பட்டுள்ளன. கடைவீதியில் ஒரு நகைக்கடைக்காரர் எடைக்கு எடுத்துக்கொள்வதாகவும், உருக்குவதால் கழிவு போக மீதிக்கே பணம் தருவதாகவும் கூறினார். அம்மாவோ திருநீறு போட்டுத் துலக்கி வைக்கலாம் என்கிறார். இவை ரோத்தியின் காலத்தவையா? என்ன செய்வது நல்லது?

மஞ்சக்குப்பம் நாணயச் சேகரிப்பாளர், கடலூர்:
தயவுசெய்து உருக்கக் கொடுத்துவிடாதீர்கள். லூயி ஆஸ்கர் ரோத்தி (1846–1911) பிரான்சின் பதக்கக் கலையை உயர்த்திய முதன்மையான கலைஞர்களுள் ஒருவர். 1897 முதல் பிரெஞ்சு வெள்ளிக் காசுகளில் இடம்பெற்ற, உதிக்கும் சூரியன் பின்னால் தெரிய, நடந்தபடி விதை தூவும் பெண் அவருடைய படைப்பே. 1960களில் வெளிவந்த ஐந்து பிராங்கு வெள்ளிக் காசிலும் அவளே இருந்தாள். 2024இல் வடிவம் மாறும் வரை பிரான்ஸ் வெளியிட்ட 10, 20, 50 யூரோ சென்ட் காசுகளிலும் இருந்தாள். புதுச்சேரியில் ஓய்வூதியக் குடும்பங்களின் பெட்டிகளைத் திறந்து பார்த்தால் இக்காசு அகப்படக்கூடும்.

காலத்தைக் கணிக்கக் கையொப்பம் உதவாது. அது அச்சிலேயே வெட்டப்பட்டிருப்பதால், கலைஞர் இறந்து பல ஆண்டுகள் கழித்து அதே அச்சில் அடித்த பதக்கத்திலும் அப்படியே விழும். பாரிஸ் நாணயச்சாலை விளிம்பில் இடும் முத்திரைதான் வழிகாட்டி: 1845 முதல் 1860 வரை சுட்டும் கை, 1860 முதல் 1880 வரை தேனீ, அதன்பின் கொம்பு. ஆகவே உங்கள் பதக்கங்கள் 1880க்குப் பிந்தியவை என்பது மட்டும் உறுதி. கொம்பின் அருகே ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கிறதா என்று உருப்பெருக்கியால் விளிம்பு முழுவதையும் சுற்றிப் பாருங்கள். ஆண்டு இருந்தால் அது பெரும்பாலும் பிற்கால மறு அச்சு. மறு அச்சும் நாணயச்சாலையின் உண்மையான படைப்பே என்றாலும், சேகரிப்பாளர்கள் அதற்குத் தரும் விலை குறைவு.

நெல்லித்தோப்பு வெள்ளி வேலைக்காரர், புதுச்சேரி:
திருநீறு, புளி, பற்பசை எதுவும் வேண்டாம். குத்துவிளக்குக்குப் பொருந்துவது பதக்கத்துக்குப் பொருந்தாது. ரோத்தியின் புடைப்பு மிகவும் மெல்லியது. ஆடையின் மடிப்பும் முகத்தின் கோடும் மேற்பரப்பில் இழைபோல நிற்கின்றன. ஒருமுறை தேய்த்தாலும் அவை மழுங்கும், மங்கலாக விடப்பட்ட பரப்பும் பளபளத்துக் கெடும். காற்றிலுள்ள கந்தகத்தால் படிந்த கருமை உலோகத்தை அரிக்காது, அப்படியே இருக்கட்டும்.

வெள்ளிதானா என்று அறிய உரைகல்லிலும் உரசாதீர்கள். நகைத் தராசில் முதலில் காற்றில் எடை பாருங்கள். பிறகு தண்ணீர்க் கிண்ணத்தைத் தராசின் மேல் வைத்துப் பூச்சியமாக்கி, பதக்கத்தை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் முழுதும் மூழ்கும்படி பிடியுங்கள். காற்றில் கண்ட எடையை இப்போது தராசு காட்டும் எண்ணால் வகுத்தால், நல்ல வெள்ளிக்கு ஏறத்தாழ 10.4 வரும், வெள்ளி முலாம் பூசிய செம்புக்கு 9 அளவிலேயே நின்றுவிடும்.

முத்தியால்பேட்டை வாசகர்:
மிக்க நன்றி. மோதிரப் பதக்கம் காற்றில் 62 கிராம், நீரில் தராசு 6 கிராம் காட்டியது; வகுத்தால் ஏறத்தாழ 10.3, வெள்ளிக்குப் பொருந்துகிறது. விளிம்பில் ஆண்டு எதுவும் இல்லை. அம்மாவிடமும் சொல்லிவிட்டேன், இப்போது விற்கவோ துலக்கவோ போவதில்லை.

மஞ்சக்குப்பம் நாணயச் சேகரிப்பாளர்:
மகிழ்ச்சி. கடற்காற்று படும் ஊர் என்பதால் ஒவ்வொன்றையும் பாலியெஸ்டர் உறையிலிட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் மூடிய டப்பாவில் வையுங்கள். பி.வி.சி. உறையும் ரப்பர் பேண்டும் பக்கத்தில் இருக்கவே கூடாது. தாத்தா வாங்கிய ரசீதோ அசல் பெட்டியோ கிடைத்தால் பதக்கத்துடன் சேர்த்தே வையுங்கள்.