ஒரே லைனில் போனும் ஃபேக்ஸும்: பாதியில் அறுந்து போகிறது

கேள்வி: சின்ன ஆபீஸ், ஒரே லைன். போன், ஃபேக்ஸ், டிஎஸ்எல் (போன் லைன் வழி இன்டர்நெட்) மூன்றும் அதில்தான். மூன்றாவது பக்கத்தில் ஃபேக்ஸ் நின்றுவிடுகிறது. வருகிற ஃபேக்ஸையும் யாராவது போனில் எடுத்துவிடுகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில் 1: முதலில் வயரைப் பாருங்க. சுவரிலிருந்து வருவது ஃபேக்ஸின் 'லைன்' துளைக்கு, போன் அதன் 'எக்ஸ்ட்' துளைக்கு. லைனை இரண்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரில் இரண்டையும் அருகருகே மாட்டியிருந்தால் ரிசீவரைத் தூக்கின நொடியே சிக்னல் கெடும். எக்ஸ்ட்டில் மாட்டினால், ஃபேக்ஸ் போகும்போது பெரும்பாலான மெஷின்கள் போனைத் துண்டித்து வைக்கும். இன்டர்நெட் சிக்னலைத் தடுக்கும் டிஎஸ்எல் ஃபில்டர் ஃபேக்ஸுக்கு முன்னால் கட்டாயம் வேண்டும்; மோடத்துக்கு வேண்டாம்.

பதில் 2: கால் வெயிட்டிங் இருக்கா? நடுவில் வரும் அந்த 'பீப்' ஒன்றே போதும், பக்கம் போச்சு. நிறுத்திவிடுங்க. பிறகும் அறுந்தால் ஃபேக்ஸ் வேகத்தை நொடிக்கு 33600 பிட்டிலிருந்து 14400, அதற்கும் சரிவராவிட்டால் 9600 ஆகக் குறையுங்க. மெதுவாகப் போனாலும் முழுசாகப் போகும்.

பதில் 3: வருகிற ஃபேக்ஸுக்கு: போனை எடுத்ததும் அரை நொடி பீப், 3 நொடி அமைதி என்று மாறி மாறிக் கேட்டால் அது ஃபேக்ஸ். உடனே வைத்துவிடாதீங்க. மெஷினில் 'ஸ்டார்ட்' அழுத்தி, ரிசீவ் ஆரம்பித்த பிறகே ரிசீவரை வைக்கணும்.