3:02 ஓடியிருக்கிறேன், பாஸ்டனில் இடம் கிடைக்குமா?

கேள்வி:
வயது 44. இந்த ஜனவரியில் மும்பை மாரத்தானை 3 மணி 2 நிமிடத்தில் முடித்தேன். பாஸ்டன் மாரத்தானில் என் வயது ஆண்களுக்கான தகுதி நேரம் 3:05. மூன்று நிமிடம் கையில் இருக்கிறதே, விண்ணப்பித்தால் இடம் உறுதிதானா? விமான டிக்கெட்டை இப்போதே போட்டுவிடலாமா என்று பார்க்கிறேன்.

பதில் 1:
டிக்கெட் மட்டும் போட்டுவிடாதீர்கள். 3:05 என்பது விண்ணப்பம் போடுவதற்கான தகுதிதான். இடத்தைவிட ஆட்கள் அதிகமானால், அவரவர் தகுதி நேரத்தைவிட எவ்வளவு வேகமாக ஓடினார்கள் என்று வரிசைப்படுத்தி, மேலிருந்து எடுத்துக்கொண்டே வந்து, இடம் தீரும் இடத்தில் கோடு போட்டுவிடுவார்கள். 2025-க்கு அந்தக் கோடு 6 நிமிடம் 51 வினாடி. 2026-க்கு, 60 வயதுக்குக் கீழே எல்லோருக்கும் தகுதி நேரத்தையே 5 நிமிடம் இறுக்கினார்கள், அப்படியும் கோடு 4 நிமிடம் 34 வினாடியில் விழுந்தது. 33,249 பேர் கேட்டு 24,362 பேருக்குத்தான் கிடைத்தது. உங்கள் மூன்று நிமிடம் அந்தக் கோட்டுக்குப் போதாது.

பதில் 2:
கடுமைதான், ஆனாலும் எனக்கு இந்த முறை பிடிக்கும். முன்பு முந்திப் பதிவு செய்தவருக்கே இடம். 2011 பந்தயம் 8 மணி 3 நிமிடத்தில் நிரம்பிவிட்டது, அன்று வேலையில் இருந்தவர் எவ்வளவு வேகமாக ஓடியிருந்தும் பயனில்லை. லண்டனில் பொதுப் பதிவு முழுக்கக் குலுக்கல். 2026-க்கு 11 லட்சத்துக்கும் மேல் பெயர்கள். அங்கே பயிற்சி செய்து வாய்ப்பைக் கூட்ட முடியாது. நியூயார்க்கில் மாரத்தானை நடத்தும் ஓட்டக் கழகத்தில் உறுப்பினராகி, ஒரே வருடத்தில் அவர்களின் 9 பந்தயம் ஓடி, ஒன்றில் தன்னார்வலராக நின்றால் அடுத்த வருடம் இடம் உண்டு, ஆனால் அது அந்த ஊர்க்காரர்களுக்குத்தான் சரிவரும்.

பதில் 3:
அறக்கட்டளைக்கு நிதி திரட்டி ஓடுகிற வழியும் இருக்கிறது, அதைக் குறுக்குவழி என்று சிலர் சொல்வதை நான் ஏற்கமாட்டேன், அவ்வளவு பணம் திரட்டுவதும் பல மாத உழைப்பு. அது இருக்கட்டும், உங்கள் பிறந்தநாள் எப்போது? பாஸ்டனில் பந்தய நாளன்று என்ன வயதோ அதுதான் கணக்கு.

கேட்டவர்:
மார்ச் மாதம்! அடுத்த ஏப்ரல் பந்தயத்தின்போது 45 முடிந்திருக்கும்.

பதில் 1:
அடடா, இதை நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். 45–49 ஆண்களுக்கு 3:15, அப்படியானால் உங்களுக்கு 13 நிமிடம் மிச்சம். தைரியமாக விண்ணப்பியுங்கள், டிக்கெட்டை மட்டும் உறுதி மின்னஞ்சல் வந்த பிறகு போடுங்கள்.